வரைபடத்தில் ஒரு கிணறு

ஏப்ரல் மாதத்துச் செயற்கைக்கோள் படத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம் முழுவதும் சாம்பல் பூத்துக் கிடந்தது. நிர்மலா பெரிதாக்கிக்கொண்டே போனாள். காய்ந்த காடு, காய்ந்த ஏரி, மறுபடியும் காய்ந்த காடு. நடுவில் கடுகளவு சிவப்பு. அந்தப் படங்களில் உயிருள்ள பயிர் சிவப்பாகத்தான் தெரியும்.

எங்கே ஆழ்துளைப் போர் போடலாம், எங்கே போட்டால் ஊரின் நிலத்தடி நீர் வற்றிவிடும் என்று வரைபடம் போட்டு அரசுக்குச் சொல்வது அவளுடைய அலுவலகத்தின் வேலை. அலுவலகம் மைசூரில், ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் இருந்தது. எல்லோரும் காதில் ஹெட்போனோடு திரையைப் பார்த்தபடி இருப்பார்கள். நிர்மலா நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட அப்பா, அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஊரின் ஓரம் மேட்டகள்ளியில் அவளுக்கு ஒற்றை அறை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பால்காரரைத் தவிர யாரிடமும் வாய் திறக்காமலே பொழுது சாய்ந்துவிடும்.

"அந்த ஊர்ல இந்த வெயில்ல பயிரா? படத்துல ஏதோ தப்பு. நேர்ல போய்ப் பாத்துட்டு வர்றீங்களா மேடம்?" என்றான் டீம் லீடர் தீபக்.

மறுநாளே கிளம்பினாள். கொள்ளேகாலில் பஸ் மாறி, ஹனூரில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனாள். படத்தில் தப்பில்லை. அரை ஏக்கர் வாழையும் தீவனப்புல்லும் பச்சென்று நின்றன. பக்கத்தில் படிகள் இறங்கும் கருங்கல் கிணறு. உள்ளே தண்ணீர் மின்னியது.

"வாங்க அம்மணி. கரண்டு ஆபீசுங்களா?" தோட்டக்காரர் பழனிமுத்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

"இல்லண்ணா, மைசூரு. தண்ணி எங்கெங்க இருக்குன்னு மேப் எடுக்கறோம்."

"எங்க கிணறு மேப்புல வருதுங்களா!"

அவள் அளவு நாடாவை இறக்கி நீர்மட்டம் பார்த்தாள். கருவியை வைத்து இடத்தைப் பதிந்தாள். அதுவரை அவர் பேசிக்கொண்டே இருந்தார். மனைவி கமலம்மாள் போய் இரண்டு வருஷம். மகள் திருப்பூரில். "போன் பண்ணுவாளுங்க. ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள கொழந்தை அழுதுரும்." பக்கத்து நிலத்துக்காரர் மல்லப்பன் மட்டும் சாயங்காலம் வந்து டீ குடித்துவிட்டுப் போவாராம்.

வேலை முடிந்ததும் டீ போட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் நிர்மலா உட்கார்ந்து குடித்தாள்.

"அண்ணா, இதை மேப்ல போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுரும். யார் யாரோ வருவாங்க. நல்லா யோசிச்சுக்கோங்க."

"வரட்டுமுங்க அம்மணி," என்றார். "யாராச்சும் வரட்டும்."

ஆனால் யாரும் வரவில்லை. மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் பாறை இடுக்கில் தேங்கி அந்தக் கிணற்றுக்குள் ஊறுகிறது என்பது வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தது. சுற்றிலும் துளை போட்டால் எல்லாமே வற்றும். அங்கே புது போர் கூடாது என்று நிர்மலாவே எழுதினாள். அது உத்தரவாகவும் வந்துவிட்டது.

ஆடியில் நீர்மட்டம் பார்க்க மறுபடி போனாள். மழை ஏமாற்றியிருந்தது. இந்த முறை பழனிமுத்து ஓடிவரவில்லை, மெல்ல எழுந்து வந்தார்.

"மல்லப்பன் போர் போடறதுக்கு வண்டி சொல்லி வெச்சிருந்தானுங்க. ஆபீசருங்க வந்து தடுத்துட்டாங்க. நாந்தான் உங்களைக் கூட்டியாந்து எழுத வெச்சேன்னு நெனைக்கறான்." கிணற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆளு வரும்னு நெனச்சேன். வந்துட்டிருந்த ஒருத்தனும் நின்னுட்டான்."

நிர்மலா நேரே மல்லப்பன் வீட்டுக்குப் போனாள். அவருக்குத் தமிழ் புரியும், ஆனால் கன்னடத்தில்தான் பேசினார். டேப்லெட்டைக் காட்டி, பாறை சாய்ந்திருக்கும் விதத்தையும் நீர் ஊறும் வழியையும் கன்னடத்திலேயே விளக்கினாள். இங்கே துளைத்தால் பழனிமுத்துவின் கிணறும் போகும், பின்னாலேயே உங்கள் போரும் போகும் என்றாள். மல்லப்பன் பொறுமையாகக் கேட்டார்.

"புரியுதம்மா. இதை என் மாடுங்ககிட்டயும் சொல்லிட்டுப் போ."

தொழுவத்தில் மூன்று மாடுகள் வெறும் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தன. நிர்மலா வெயிலில் பழனிமுத்துவின் கிணற்றடிக்குத் திரும்பி நடந்தாள்.

"அண்ணா, அவங்க மாட்டுக்கு உங்க கிணத்துல தண்ணி விடுவீங்களா?"

"நானா வேண்டாங்கறேன்? அவன் கேக்கலியேம்மா."

"கேக்க மாட்டாரு."

பழனிமுத்து போய் மோட்டாரைப் போட்டார். கிணற்றடித் தொட்டி நிரம்பி வழிந்தது. நிர்மலா இன்னொரு தடவை காட்டைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மல்லப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் கழித்து அவர் மனைவி சித்தம்மா மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். மாடுகள் தலை தூக்காமல் குடித்தன. சித்தம்மா பழனிமுத்துவைப் பார்க்கவில்லை. அவரும் தள்ளியே நின்றார். போகும்போது மட்டும், "மோட்டாரை நிறுத்திக்கோங்க," என்றாள்.

அதன்பின் மாடுகள் தினமும் வந்தன. மல்லப்பன் வரவில்லை.

ஐப்பசியில் அந்தக் கிணற்றுக்குள் ஒரு கருவி பொருத்தினார்கள். நீர்மட்டத்தை அதுவே மைசூருக்கு அனுப்பிவிடும். "இனி நீங்க அலைய வேண்டியதில்ல மேடம்," என்றான் தீபக், நல்ல செய்தி சொல்கிறவன் போல.

மேட்டகள்ளி அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"அம்மணி, பழனிமுத்து பேசறனுங்க. நல்ல மழை. தண்ணி ரெண்டு படி ஏறியிருக்குதுங்க. எழுதிக்கறீங்களா?"

எதிரே மடிக்கணினியில் அந்த அளவு, துல்லியமாக, காலையிலேயே வந்து நின்றது. நிர்மலா அதை மூடினாள்.

"ரெண்டு படியா? நல்லாப் பாத்தீங்களா அண்ணா?"

"இருங்க, இன்னொருக்கா எட்டிப் பாத்துட்டு வந்தர்றேன். வெச்சுராதீங்க."

ஈர மண்ணில் செருப்பு சதக் சதக்கென்று போகும் சத்தம் போனில் கேட்டது. அவள் வைக்காமல் காத்திருந்தாள்.