மதுரைக்கு அனுப்பிவிட்ட அம்மா

"மதுரையில எல்லாம் சொல்லி வச்சாச்சு. ஒன்பதாம் மாசம் பிறந்ததும் அங்கன போயிரு."

"சரிம்மா."

"நல்ல டாக்டர். என்கூடப் படிச்சவ. எதுக்கும் பயப்பட வேண்டாம்."

"சரிம்மா."

"வேற ஏதும் கேக்கணுமாட்டி?"

"இல்லம்மா."

ஆறு வருஷத்துக்கு முந்தைய பேச்சு இது. டாக்டர் எஸ்தர்ராணி நின்றபடியே இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு பேசினார். அவர் மகள் ஜெபிஷா எட்டு மாத வயிற்றோடு எதிரே உட்கார்ந்து தலையாட்டினாள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வரும் பெண்களெல்லாம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் பக்கமிருந்துகூட, கோவில்பட்டிக்கு எஸ்தர்ராணியைத் தேடித்தான் வந்தார்கள். அவர் தொட்டால் போதும் என்று ஒரு நம்பிக்கை. சொந்த மகளை மட்டும் அந்தக் கை மதுரைக்கு அனுப்பிவிட்டது. "நீங்களே பாருங்கம்மா" என்று ஜெபிஷா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அம்மாவாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அம்மா கை கழுவிவிட்டு, வீட்டின் முன்பக்கத்திலேயே இருந்த தன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

இப்போது அம்மா இல்லை. காலமாகி இருபத்தொன்பது நாள். நாளை சபையில் நினைவு ஆராதனை. அதில் வாசிக்கப் போகும் வாழ்க்கைக் குறிப்பு சாயங்காலம் ஐந்து மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எழுதும் பொறுப்பு ஜெபிஷாவுடையது. தூத்துக்குடியிலிருந்து ஐந்து மாத வயிற்றோடு வந்திருந்தாள், இது இரண்டாவது. பிறந்த ஊர், படித்த கல்லூரி, முப்பத்தொரு வருஷ மருத்துவம் எல்லாம் கால் மணி நேரத்தில் தாளில் இறங்கிவிட்டன. "அன்புள்ள தாயாக" என்று அடுத்த வரியைத் தொடங்கியதும் பேனா நின்றது. பொய் எழுத மனம் வரவில்லை. உண்மை எதுவென்றும் தெரியவில்லை.

அப்பா ஜான்பீட்டர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவரிடமே கேட்டுப் பார்த்தாள்.

"டாக்டருங்க சொந்தக்காரங்களுக்குப் பார்க்க மாட்டாங்க பாப்பா. அது ஒரு முறை."

"அப்ப சித்தி மக ஜெயப்பிரியாவுக்கு யாரு பார்த்தா? அவ சொந்தமில்லையா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுவும் சரிதான். நானும் அன்னைக்குக் கேட்டேன். 'ரசத்துல உப்பு பத்தல'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா."

ஜெபிஷாவுக்கு முன்பிருந்ததைவிடக் குழப்பம் கூடியது. முறை என்றால் எல்லோருக்கும் முறை. மகளுக்கு மட்டும் என்ன?

மூன்று மணி வாக்கில் பிரேமாக்கா வந்தாள். இருபத்தாறு வருஷம் அம்மாவோடு பிரசவ அறையில் நின்ற நர்ஸ். இப்போது ஆஸ்பத்திரியைப் பார்க்கும் புது டாக்டரம்மாவுக்கும் அவள்தான் வலக்கை. அவள் பின்னால் ஒல்லியாக ஒரு பெண், கையில் உளுந்துப் பை. அந்தப் பெண்ணின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி.

"இவ வள்ளிமயில். இடைசெவல் ஊரு. நீ பேனாவைக் கடிச்சிட்டு உக்காந்திருக்கேன்னு உங்கப்பா சொன்னாரு. அதான் இவள வரச்சொன்னேன். ஒன் பிள்ள பிறந்த அன்னைக்குத்தான் இவ பிள்ளையும் பிறந்தது."

ஜெபிஷாவுக்கு முகம் மாறியது. அன்றைக்கு அம்மா மதுரைக்கு வரவில்லை. ஏதோ அவசர கேஸ் என்றார்கள். மூன்றாம் நாள்தான் வந்தார். குழந்தையின் மூக்கை அழுத்தி மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்தார். தையலைப் பார்த்தார். "வலிக்குதா?" என்று கேட்டார், எல்லா நோயாளிகளிடமும் கேட்பதுபோல.

"அந்த அவசரம் நீங்கதானா?"

"நாந்தாக்கா," என்றாள் வள்ளிமயில், தப்புச் செய்தவள்போல.

"டாக்டரம்மா மதுரைக்குக் கிளம்பிட்டாக," என்றாள் பிரேமாக்கா. "பையெல்லாம் கார்ல ஏத்தியாச்சு. அப்பந்தான் இவளத் தூக்கிட்டு வாராக. ரத்தம் நிக்கல. காரை விட்டு இறங்கிட்டாக."

சிறுமி ஜன்னல் திரையைச் சுற்றிக்கொண்டு ஆடினாள்.

"ஏட்டி ஜெபி, சும்மா நில்லு," என்று வள்ளிமயில் அதட்டினாள்.

ஜெபிஷாதான் முதலில் திரும்பினாள். பிறகுதான் அது தன்னையல்ல என்று புரிந்தது. "பிள்ள பேரு ஜெபியா?"

"ஆமாக்கா. எங்க மாமியா ஒரு மாசம் எங்கூடப் பேசல. ஆட்டுக்காரக் கோனார் வீட்டுல, சர்ச்சுக்குப் போற வேதக்காரக பேரு எதுக்குட்டின்னு ஒரே சண்ட." வள்ளிமயில் பிரேமாக்காவைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "எனக்கு அன்னைக்கு அரை மயக்கம். பிரேமாக்கா போனை டாக்டரம்மா காதுல பிடிச்சிட்டு நின்னாக. அவிய ரெண்டு கையும் எங்கிட்ட. 'முக்கு ஜெபி, இன்னும் கொஞ்சம் ஜெபி, அம்மா இங்கனதான இருக்கேன்'னு விடாம சொல்லுதாக. எம் பேரு அது இல்லன்னு சொல்ல எனக்குத் தெம்பில்ல. கேக்க நல்லா இருந்துச்சு. அதையே பிள்ளைக்கு வச்சிட்டேன்."

"போன்ல மதுரை டாக்டரு," என்றாள் பிரேமாக்கா. "ஒனக்கு அங்க என்ன நடக்குன்னு அந்தம்மா சொல்லச் சொல்ல, இவிய இங்கன இவகிட்ட முக்குங்காக. யாருக்குச் சொல்லுதாகன்னு எனக்கே வெளங்கல."

சந்தோஷப்பட வேண்டும் என்று ஜெபிஷாவுக்குத் தோன்றியது. வந்ததென்னவோ பொறாமைதான். மதுரையில் அவள் கேட்டது மின்விசிறிச் சத்தம் மட்டுமே. அவள் பேரைச் சொல்லி அம்மா அழைத்ததெல்லாம் இந்தப் பெண்ணின் காதில் விழுந்திருக்கிறது. கோபப்படவும் முடியவில்லை. வள்ளிமயில் உளுந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, திட்டு வாங்கக் காத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"அவ்வளவு இருந்தா என்னைய ஏன்க்கா அனுப்பினாங்க?"

"நானும் கேட்டேன். 'எம் மக வலியில கத்தினா இந்தக் கை என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது பிரேமா. தெரியாத கையில அவளக் குடுக்க மாட்டேன்'னு சொன்னாக."

"இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"நீ கேட்டியா பாப்பா?"

ஜெபிஷா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். வாசலில் அப்பா நின்று, "அச்சகத்துல இருந்து ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க," என்றார். அவள் "அன்புள்ள" என்ற சொல்லை அடித்தாள். மறுபடி அதையே மேலே எழுதினாள். சரியா தப்பா என்று தெரியாமலேயே வரியை முடித்துத் தாளை அவரிடம் நீட்டினாள்.

வள்ளிமயில் உளுந்தை மேஜையில் வைத்துவிட்டு, மகளோடு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். பிரேமாக்காவும் டியூட்டிக்கு எழுந்தாள்.

"இந்த மாசமும் மதுரை டாக்டர்கிட்டதான காட்டுத? சத்துமாத்திரை ஒழுங்காப் போடு. வாரேன் பாப்பா."

"சரிக்கா."

பிரேமாக்கா செருப்பை மாட்டினாள். பிரேமாக்காவாகச் சொல்லட்டும் என்று, அன்று அம்மாவிடம் போலவே, தான் காத்துக்கொண்டிருப்பது ஜெபிஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, இந்தப் பிள்ளைய நான் இங்கனயே பெத்துக்கிடணும். புது டாக்டரம்மா பார்க்கட்டும். நீங்க என் தலைமாட்டுல நின்னு, என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க."