தளம் போட்ட குழி

“மூடியைத் திறங்கய்யா” என்றேன்.

லைன் வீட்டு ஓனர் சுப்பண்ணன் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏனுங் கண்ணு, வந்ததும் வராததுமா? மொதல்ல காப்பி குடிங்க.”

“காப்பி வேண்டாம். குழி மூடியைத் திறங்க. நான் பாக்கணும்.”

இந்த ஒன்றை மட்டும் எந்த வாடிக்கையாளரிடமும் கேட்கக்கூடாது என்பது எங்கள் மேனேஜர் மகுடேஸ்வரன் போட்ட சட்டம். நாங்கள் கழிப்பறை விற்கிறோம். சும்மா கட்டிக்கொடுத்தால் விறகு அடுக்குவார்கள், காசு கொடுத்து வாங்கினால்தான் கழுவிப் புழங்குவார்கள் என்பது கம்பெனியின் கொள்கை. அதில் எனக்குச் சண்டை கிடையாது. பனியன் கம்பெனியில் பீஸ் அடுக்கிக்கொண்டே படித்தவள் நான். இருபது பேருக்கு ஒரு கக்கூஸ் இருந்த காம்பவுண்டில், அதிகாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறேன். நல்ல கழிப்பறையை விற்பது எனக்குக் கேவலமாகப் படவில்லை.

மகுடேஸ்வரன் சொல்லிக்கொடுத்தது வேறு. “டைல்ஸ் கலரைப் பேசுங்க, கதவைப் பேசுங்க, பொம்பளப் புள்ளைங்க பாதுகாப்பைப் பேசுங்க. குழியத் தெறக்கச் சொல்லி மட்டும் கேட்டுறாதீங்க சித்ராதேவி. மூக்கப் பொத்துனவன் பக்கத்து ஊட்டுக்காரனுக்குச் சிபாரிசு பண்ண மாட்டானுங்க.”

ஆனால் காலையில் விஜயராணி போன் செய்திருந்தாள். சுப்பண்ணன் வீட்டில் குடியிருப்பவள், பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்ப்பவள். “யக்கா, தண்ணி ஊத்துனா கீழ போகமாட்டேங்குது. மேல மேல வருது. பச்சப்புள்ளைய வச்சிக்கிட்டு எங்கிட்டுப் போவேன்?” கட்டி ஒரு வருஷம்கூட ஆகாத கழிப்பறை. எங்களுடையது இரட்டை உறைக்குழி. சிமெண்ட் உறைகளில் ஓட்டை இருக்கும், அடியில் வெறும் மண் இருக்கும். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஒரு குழி நிறைந்தால் அடுத்த குழிக்குத் திருப்பிவிடலாம். முதல் குழியில் கிடப்பது மட்கி உரமாகிவிடும். லாரியே கூப்பிட வேண்டாம் என்று வாசலில் போர்டுகூட மாட்டியிருந்தோம். அப்படிப்பட்ட குழி எப்படி நிறையும்?

சுப்பண்ணன் பின்பக்கம் அழைத்துப் போனார். நடக்கும்போதே சொன்னார்: “நெறஞ்சுதான் போச்சுங்க. ரெண்டுமே. மேல இருந்த தண்ணியக் காத்தால மோட்டார் வெச்சு வேலிப்பக்கம் எறச்சுட்டேன். அடியில இருக்கறதுக்குத்தான் உங்க அண்ணன வரச் சொல்லியிருக்கறேன்.”

நான் நின்றுவிட்டேன். “எங்க அண்ணன் எதுக்கு?”

“எறங்கித் தளத்த ஒடைக்கோணுமுங்களே.”

“தளமா? எந்தத் தளம்?”

அவருக்கே பெருமை தாங்கவில்லை. “காசு வாங்கிட்டு அடியில தரையே இல்லாம உடறதுங்களா? கெணறு பக்கத்துல இருக்குது. நான்தான் முனீஸ்கிட்டச் சொல்லி அடியில நல்ல தளம் போட்டு, உறை ஓட்டையெல்லாம் பூசி அடைக்க வெச்சேன். சும்மா சொல்லக்கூடாது, சொட்டு ஒழுகல.”

கிணற்றுக்குப் போதுமான தூரம் விட்டுத்தான் நாங்கள் இடம் குறித்திருந்தோம். ஒழுகாமல் செய்துவிட்டார்கள். ஒழுகுவதற்கென்றே செய்த குழி அது. என் அண்ணன் முனீஸ், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து எங்களை இங்கே கூட்டிவந்து கொத்தனார் வேலை பார்த்து என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவன், எங்கள் கம்பெனிக்காகக் குழி கட்டப்போன இடத்தில் ஓனர் கேட்டார் என்று தரமாகப் பூசிக்கொடுத்திருக்கிறான். அவனைப் பொறுத்தவரை பூசாத சுவர் அரைகுறை வேலை. இப்போது அது குழி இல்லை. மூடி போட்டு இறுக்கிய சட்டி.

நான் படித்தது கெமிஸ்ட்ரி. அந்தச் சட்டிக்குள் இத்தனை மாதமாக என்ன ஊறிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முனீஸ் சந்துக்குள் வந்தான். தோளில் மூங்கில் ஏணி, கையில் கடப்பாரை. என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“நீ எங்கிட்டு வந்த?”

“அண்ணே, நீ இறங்கக்கூடாது.”

“ஆரம்பிச்சிட்டா. சாயங்காலம் பத்து ஹவுஸ் ஓனர் இந்தக் கக்கூஸப் பாக்க வாராக. மேனேஜர் உசுர எடுக்குறாரு. அடியில நாலு ஓட்டை போட்டா வடிஞ்சிரும். எட்டடிக் குழி. இது ஒரு வேலையா?”

“லாரியைக் கூப்பிடு.”

“லாரி வேண்டாம்னு வாசல்ல போர்டு மாட்டுனது நீங்கதான? அது முன்னாடியே லாரிய நிப்பாட்டச் சொல்லுதியா? நான் பூசுனது. நானே ஒடச்சுக்கிறேன்.”

மூடியை நெம்பித் தள்ளினான். வந்த நாற்றத்தில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கண் எரிந்தது. உள்ளே பாதிக்கு மேல் காலி. கீழே இடுப்பளவுக்குக் கறுப்பாகக் கூழ், அதன் மேல் ஆடை கட்டியிருந்தது.

சுப்பண்ணன் ஒரு தகர டப்பாவில் கற்பூரத்தைக் கொளுத்தினார். “எங்க தோட்டத்துப் பாழுங்கெணத்துல எறங்கறதுக்கு முந்தி எங்கப்பன் காலத்துல இருந்து இப்படித்தானுங்க. வெளக்கு அணஞ்சா ஆளு எறங்கக்கூடாது. அணையாட்டி ஒண்ணும் பயமில்லீங்க.” கயிற்றில் கட்டி, பதனமாக, பூசைத்தட்டை இறக்குவதுபோல இறக்கினார்.

“வேண்டாம், உள்ள கேஸ் பத்திக்கும்” என்று கத்தினேன். பற்றவில்லை. அணையவும் இல்லை. கற்பூரம் குழிக்குள் நின்று நிதானமாக எரிந்தது.

“பாத்தீங்களா கண்ணு?” அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். கெட்ட மனுஷன் என்றால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். இவர் என் அண்ணனைப் பத்திரமாகக் கொல்லப் பார்த்தார்.

“ஐயா, அது காத்து இருக்கான்னு மட்டும்தான் சொல்லும். விஷம் இருக்கான்னு சொல்லாது. காத்தும் இருக்கும், விஷமும் இருக்கும். வெளக்கு எரியும், மனுஷன் விழுவான்.”

“படிச்ச புள்ள பயந்துக்குது” என்று முனீஸைப் பார்த்துச் சிரித்தார்.

முனீஸ் குழி விளிம்பில் மண்டியிட்டுத் தலையை உள்ளே நீட்டினான். இரண்டு மூச்சு இழுத்தான். பிறகு சொன்னான்.

“அட, இப்ப நாத்தமே இல்லப்பா. எல்லாம் போயிருச்சு.”

நான் நின்ற இடத்தில் நாற்றம் அப்படியே இருந்தது. அவனுக்கு மட்டும் இல்லை. மலம் அழுகும்போது கிளம்பும் அந்த விஷவாயு முதலில் மூக்கைத்தான் கொல்லும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்வரை தப்பிக்க வழி இருக்கிறது. அது திடீரென்று நின்றுபோனால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதிய பதில். என் அண்ணன் முகம் அதற்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

“தலையை எடுண்ணே! அண்ணே, எடு!”

“சும்மா இருளா.” ஆழம் பார்க்க ஏணியை உள்ளே விட்டு ஆடையைக் குத்தினான். களுக் களுக்கென்று பெரிய குமிழ்கள் கிளம்பின. ஏணியின் முதல் படியில் காலை வைத்தான். வைத்த கால் வழுக்கியதுபோலத் திரும்ப வெளியே வந்தது. பின்பக்கமாக அப்படியே உட்கார்ந்தான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. உதடு எதையோ சொல்லப் பார்த்தது, குரல் வரவில்லை.

அக்குளில் கை கொடுத்து அவனைச் சந்துக்கு இழுத்தேன். அவ்வளவு கனம். விஜயராணி ஓடிவந்து காலைப் பிடித்தாள். வேப்பமரத்தடியில் கிடத்தினோம். கொஞ்ச நேரம் மூச்சு அறுந்து அறுந்து வந்தது. நான் அவன் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு, அது மேலே வருகிறதா வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் அப்போது உலகத்தில் இல்லை. பிறகு வாந்தி எடுத்தான். கண்ணைத் திறந்தான்.

“காலையில சாப்பிடல” என்றான். “அதான் கிறுகிறுன்னு வந்துருச்சு. செத்த காத்தாடட்டும், எறங்கிருதேன்.”

அவனை அறையவேண்டும்போல இருந்தது. “உனக்கு அறிவிருக்கா? ரெண்டு படி இறங்கியிருந்தா இந்நேரம் நான் உன்னைத் தூக்கக் குதிச்சிருப்பேன். என்னைத் தூக்க இவரு குதிச்சிருப்பாரு. சாயங்காலம் வர்றவங்க மூணு பொணத்தைப் பாத்துட்டுப் போயிருப்பாங்க.”

சுப்பண்ணன் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். மூன்று பேரில் தன்னையும் சேர்த்தது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

முனீஸின் மனைவியைப் போனில் கூப்பிட்டு, “அண்ணி பைக்ல வருது, கூட ஆஸ்பத்திரிக்குப் போ” என்று அவனிடம் சொல்லிவிட்டு, கழிவு லாரி ஓட்டும் நல்லானுக்குப் போன் போட்டேன். அவன் அவிநாசிபாளையத்தில் ஒரு வேலையை முடித்துக்கொண்டிருந்தான். நீளக் குழாய் இருக்கிறது, ரோட்டிலேயே லாரியை நிறுத்திவிட்டு உறிஞ்சலாம் என்றான். “ஆள் எறங்காமத்தான?” என்று கேட்டேன். “ஏக்கா, எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குல்ல” என்றான்.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் மகுடேஸ்வரன் கூப்பிட்டார். சுப்பண்ணன் சொல்லியிருப்பார்.

“என்னங்க சித்ராதேவி, லாரியக் கூப்பிட்டீங்களாமா? அஞ்சு மணிக்கு ஆளுங்க வர்றாங்க. பத்து காம்பவுண்டு ஆர்டருங்க. போர்டுக்கு முன்னால நாத்த லாரிய நிறுத்தி வெச்சுட்டு நான் என்னத்தை விக்கறது?”

“தளம் போடாத குழியை வித்துக்குங்க சார். எதுக்குப் போடக்கூடாதுன்னு வர்றவங்ககிட்ட நானே சொல்றேன். குழியைத் திறந்து வெச்சே சொல்றேன்.”

“அப்படிச் சொன்னீங்கன்னா நாளைக்கு ஆபீஸ் பக்கம் வரவேண்டாமுங்க.” திட்டும்போதும் ‘ங்க’.

“அண்ணன் உட்கார்ந்துட்டான், சார். மூச்சு நின்னு வந்துச்சு.”

“இப்ப நல்லா இருக்காருங்கல்ல? அப்புறம் என்னங்க?” என்றார்.

நான் போனை அணைத்தேன். வேலை போனால் வீட்டுக்கு என்ன சொல்வது என்ற பயம் இருந்தது. ஆனால் நெஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்த பயத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

மூடியை நானும் விஜயராணியும் இழுத்து வைத்தோம். “நான் வர்ற வரைக்கும் யாரையும் கிட்ட விடாத. ஓனரே கேட்டாலும்.”

“நீங்க போங்கக்கா” என்று அவள் மூடிக்குச் சற்றுத் தள்ளி, சந்தை மறித்து, குழந்தையோடு உட்கார்ந்துவிட்டாள். “என்னயத் தூக்கிப் போட்டுட்டுத்தான் தெறக்கணும்.”

மரத்தடியிலிருந்து முனீஸ் கூப்பிட்டான். “ஏளா, வேல போயிரும்ளா. யோசிச்சுச் செய்யி.”

யோசித்தாகிவிட்டது. ரோட்டிலிருந்து திரும்பும் முனை நல்லானுக்குத் தெரியாது. லாரிக்கு வழி காட்டக் கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு நடந்தேன்.