நாக்குக்கு அடியில் ஒரு செக்கிங்

பேருந்தில் ஏறி டிக்கெட் சோதிக்கும் வேலை அவருக்கு. டிப்போவில் எல்லோரும் 'சந்தேகம்' என்றே கூப்பிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தம் இல்லை, பெருமைதான். டிக்கெட்டை நீட்டுகிறவனின் கையைப் பார்க்க மாட்டார், கண்ணைப் பார்ப்பார். பச்சைக் குழந்தை சிரித்தால்கூட எதை மறைக்க இந்தச் சிரிப்பு என்று யோசிக்கிற ஆள்.

அப்படிப்பட்டவரிடம் உங்களுக்கு ரத்த அழுத்தம் என்று கிளினிக்கில் சொன்னால் நம்பிவிடுவாரா? நர்ஸ் வெவ்வேறு நாளில் வரச்சொல்லி அளந்தாள். எல்லா நாளும் கூடுதல். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்றால் மனப்பாடம் பண்ணியிருக்கிறாள் என்று தீர்மானித்தார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. வலிக்காத நோய்க்கு மருந்தா? அவருடைய சகலை வேறு, ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடாது, எல்லாம் கம்பெனிக்காரன் விரிக்கிற வலை என்று ஓதியிருந்தார். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதை மனைவிக்கு ஒப்பிப்பார். காலையில் அவள் கண் முன்னால் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரும் குடிப்பார். நாக்குக்கு அடியில் ஒதுக்கி, வாசல் தாண்டியதும் எடுத்துச் சீருடைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

வீட்டிலேயே அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்றை மகள் வாங்கி அனுப்பினாள். அதுவும் நூற்று அறுபத்தெட்டு என்றது. மாப்பிள்ளை அந்த நர்ஸைக் கேட்டுத்தான் வாங்கியிருப்பார் என்று உடனே பட்டது. மெஷினைக் கையும் களவுமாகப் பிடிக்க அவருக்கு ஒரு வழி தோன்றியது. மனைவி ஒரு நாள்கூட நோய் என்று படுத்தறியாதவள். அவள் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினார். நூற்று எண்பத்தாறு.

"பாத்தியா, புளுகுது" என்றார், பரம திருப்தியோடு. "உனக்கே இவ்ளோவாம்."

மெஷினைக் குற்றவாளியாகவும் மனைவியைச் சாட்சியாகவும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். நர்ஸ் வாதாடவில்லை. அந்த அம்மாளைச் சாய்ந்து உட்காரவைத்து, பாதங்களைத் தரையில் ஊன்றச் சொல்லி, கொஞ்ச நேரம் யாரும் பேசக் கூடாது என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றுதான். பிறகு கையின் பருமனுக்குப் பொருந்துகிற பட்டையாக எடுத்து, இரண்டு கையிலும் அளந்தாள். நூற்று எண்பத்துநாலு.

"உங்க மெஷின் சரியாத்தான் சொல்லுது ஐயா."

அவர் நர்ஸின் கண்ணைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு பொய் அகப்படாதா என்று ஏங்கித் தேடினார். அகப்படவில்லை. டாக்டர் ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதிக்கச் சொல்லி, மாத்திரையை இன்றே ஆரம்பிக்க வேண்டும், அலட்சியமாக விட்டால் பக்கவாதம் வரலாம் என்றார். 'சந்தேகம்' மருந்துச் சீட்டோடு நேரே மருந்துக்கடைக்கு ஓடினார்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையும் தண்ணீருமாக அவள் முன்னால் நின்றார். அவள் வாங்கவில்லை.

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்."

"அது தெரியாமலே ஏறுமாம்."

"வலிக்காத நோய்க்கு மருந்தான்னு கேட்டது யாரு? உங்க சகலையை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டுக்கறேன்."

"அவன் கிடக்கான். அவனுக்கு என்ன தெரியும்."

அவள் சமையலறைக்குள் போய் ஒரு சின்ன டப்பாவோடு வந்தாள். உள்ளே, ஓரம் கரைந்து சாக்பீஸ் துண்டு மாதிரி ஆகிவிட்ட மாத்திரைகள்.

"உங்க சட்டைப் பையில இருந்தது. துவைக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சேன். என்னிக்காவது நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்."

டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவனின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு அத்துப்படி. அந்த முகம் இப்போது தன் கழுத்துக்கு மேலே இருப்பதும் தெரிந்தது.

"நீங்க போட்டா நான் போடறேன்" என்றாள்.

தன் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கிப் போட்டு விழுங்கினார்.

"வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க."

தூக்கினார். ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, இண்டு இடுக்கு விடாமல் பார்த்தாள். அதன் பிறகுதான் தன்னுடையதைப் போட்டுக்கொண்டாள். அவர் நகரவில்லை.

"நீயும் காட்டு."

"என் மேலயுமா சந்தேகம்?"

"ஆமா." அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். "உன் மேலதான் ரொம்ப."

அவள் நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரையும் நம்புவதில்லை. இருவருக்கும் அழுத்தம் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு ஒழுங்காக இறங்குகிறதே, இதில் என்ன சூதோ என்று, அவர் மட்டும் மெஷினை அவ்வப்போது நர்ஸிடம் கொண்டுபோய் ஒத்துப் பார்த்துக்கொள்கிறார்.