மூன்றுக்குப் பதில் ஒன்று

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் நெருங்கிவிட்டது. புது வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: மாடிப்படிக்குக் கீழே ஒரே ஒரு சைக்கிள்தான். ஸ்டெல்லாவிடம் மூன்று இருந்தன. மூன்றும் கணவன் பூபாலனுடையவை. ஒர்க்‌ஷாப் டியூட்டிக்கு கியர் இல்லாதது ஒன்று, தார் ரோட்டுக்கு ஒல்லி டயர் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை அனந்தகிரி மலைக்குத் தடி டயர் ஒன்று. "அடுத்தது உனக்குத்தான்" என்று சொல்லிச் சொல்லியே மூன்றையும் தன் நெட்டைக் காலுக்கு வாங்கிய மகராசன். போன ஜனவரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

அவன் சைக்கிள்களில் ஒன்றை ஓட்டிக்கொண்டுதான் அவளும் கூடப் போவாள். சீட்டை எவ்வளவு இறக்கினாலும் கால் தரையில் எட்டாது. அதனால் நிற்க வேண்டிய இடத்தில் அவன் முந்திப்போய் அவளுக்கு இடது பக்கம் காலூன்றுவான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொள்வாள். ரயில்வே கேட்டில் ஒர்க்‌ஷாப் ஆட்கள் கேலி செய்தால், "கையை எடுத்தா விழுந்துடுவாப்பா" என்பான். உண்மையும் அதுதான்.

மூன்றில் எதை வைத்துக்கொள்வது? மலையேறுவது ரோட்டில் இழுக்கும்; ரோட்டில் பறப்பது கல்லில் பஞ்சராகும். கிளினிக் வேலைக்கும் போக வேண்டும், மலையையும் விட மனமில்லை. மகள் ஷர்மிளாதான் வழி சொன்னாள். "மூணையும் குடுத்துட்டு மலையேறுற மாதிரி ஒரு நல்ல எம்டிபி வாங்கு மம்மி. எல்லாத்துக்கும் சரிப்போதுந்தி, அது ஒண்ணே போதும்."

கொடுத்துவிட்டால் அவன் இல்லை என்பது முடிவாகிவிடுமே என்று ஸ்டெல்லாவுக்குப் பயம். ஆனாலும் இருவரும் அவற்றை டிராலி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு செகந்திராபாத்தில் ரகுநாதனின் சைக்கிள் கடைக்குப் போனார்கள்.

அவர் ஒரு சாம்பல் நிற வண்டியைக் காட்டினார். "முன்னாடி சஸ்பென்ஷன், குலுக்கலைத் தாங்கும். மலையில திறந்து விடுங்க, ரோட்டுல லாக் பண்ணிக்கோங்க. டயரும் நடுத்தரம். எதுக்கும் ஆகும்."

"இதுவே இருக்கட்டும். பத்தொன்பது இஞ்ச் சைஸ் குடுங்க" என்றாள் ஸ்டெல்லா, மளிகைக் கடையில் வழக்கமான சோப்பைக் கேட்பதுபோல.

ரகுநாதன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சைக்கிள் யாருக்கும்மா?"

'அவருக்கு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஷர்மிளா தலையைக் குனிந்துகொண்டாள். பத்தொன்பது பூபாலனின் அளவு, தன் அளவு என்னவென்று தனக்கே தெரியாது என்பது ஸ்டெல்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்குத்தான்" என்றாள்.

அவர் உள்ளே போய், அதே வண்டியில் சின்ன அளவைக் கொண்டுவந்தார். "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

ஸ்டெல்லா ஏறினாள். எக்கவோ குனியவோ வேண்டியிருக்கவில்லை. உடம்புக்கென்று தைத்த சட்டைபோல வண்டி அமைந்தது. இப்படியும் ஓட்டலாமா என்று சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதற்காக உடனே தன்மீதே கோபமும் வந்தது.

தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்து நின்றது. பிரேக் பிடித்தாள். பழக்க தோஷம், இடது கை தானாக நீண்டு தோளைத் தேடியது. அங்கே யாரும் இல்லை.

அவள் விழவில்லை. இரண்டு பாதமும் தரையில் அழுத்தமாக ஊன்றியிருந்தன. அதைக் குனிந்து பார்த்துவிட்டு, நடுத்தெரு என்றும் பாராமல், ஸ்டெல்லா வாய்விட்டு அழுதாள்.