பன்னிரண்டாவது பெட்டி

பன்னிரண்டாவது பெட்டியைத் தூக்கியபோதே கைக்குத் தெரிந்துவிட்டது. பாரம் காணாது. மூடியைப் பிரித்து எண்ணினேன். இருபது பைக்கற் கறித்தூள் இருக்க வேண்டிய இடத்தில் பத்துத்தான் கிடந்தது.

ஏற்றுமதிக் காரியாலயத்து றஜிந்தன் நேற்றும் படித்துப் படித்துச் சொன்னார். "குணம் அக்கா, இருநூற்று நாப்பது எண்டு சான்றிதழிலை போட்டாச்சு. ஒண்டு குறைஞ்சாலும் கொழும்பிலை மறிச்சுப்போடுவாங்கள்." அரசாங்கத் திட்டத்தில் கனடா போகும் கொள்கலனில் எனக்கென்று ஒரு மூலை கிடைக்க இரண்டு வருடம் அலைந்தேன். பயிற்சி, தண்ணீர்ப் பரிசோதனை, ஆய்வுகூடம், கண்காட்சியில் மூன்று நாள் கால்கடுக்க நின்றது. மூன்று மணிக்கு லொறி. புதிதாக அடைத்து நிரப்பவும் வழியில்லை. ஆய்வுகூடம் பார்த்துச் சரியென்ற தூளில் ஒரு கரண்டிகூட மிச்சமில்லை.

இவர் கிணற்றடியில் நின்று காலைக் கழுவிக்கொண்டேயிருந்தார்.

"இஞ்சாருங்கோ, ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"அக்கா கேட்டவ. பிளேன் ஏறப் போற மனுசியை வெறுங்கையோடை அனுப்பேலுமே? பத்துத்தானே அப்பா!"

என் தூள் இருபது வருடமாகக் கனடா போய்க்கொண்டுதான் இருக்கிறது, சொந்தக்காரரின் சூட்கேசுக்குள். ஒருவரும் குறை சொன்னதில்லை. ஓசித் தூளை யார் குறை சொல்வார்? 'வலு திறம், அடுத்தமுறையும் தா' என்பார்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிற்று.

ஸ்கூட்டியை எடுத்தேன்.

"விசரே உமக்கு? ஊர் சிரிக்கும்!" என்று இவர் கத்தினார். சிரிக்கட்டும்.

பயணத்துக்குத் தேங்காய் உடைக்க இவரின் அக்கா உதயகலா மச்சாள் மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலடியில் நிற்பது எனக்குத் தெரியும். விமான நிலையத்துக்குப் போகும் வான் வாசலிலேயே நின்றது.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. உந்தப் பத்துப் பைக்கற்றும் லொறியிலை போகவேண்டியது. திருப்பித் தாங்கோ."

மச்சாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். கனடா போகிறவரிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்ட ஒருத்தி எங்கள் குடும்பத்தில் இதுவரை இல்லை. வான்காரர் எங்களைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தார்.

சூட்கேஸ் திறந்தது. சேலைகளுக்கு அடியிலிருந்து ஒவ்வொரு பைக்கற்றாக எடுத்து என் கையில் அடித்து வைத்தார்.

"உது அங்கை எந்தக் கடைக்கு வருது?"

"ஸ்காபரோவிலை. பேர் எழுதித் தாறன்."

"காசு குடுத்தே வாங்கிறன். ஆனால் காரம் காணாது, கருகின மணம் எண்டால் கடைக்காரனோடை சண்டைக்குப் போவன். சொல்லிப்போட்டன்."

"போங்கோ மச்சாள். அப்பதான் எனக்கும் தெரியும்."

ஒன்பது வந்துவிட்டது. பத்தாவதை என் கையில் வைத்தவர் விடவில்லை.

"இதொண்டு கிடக்கட்டும், குணம். வழிக்கு."

"இல்லை மச்சாள்."

தேங்காய் உடைக்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். லொறிக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. பைக்கற்றின் ஒரு முனை அவர் பிடியில், மறுமுனை என் பிடியில்.