எண் மாறும் நேரம்

"மேடம், ஒரு வித்தை காட்டட்டா?" என்றான் லிங்கராஜ்.

கரமனை ஆற்றோரத்தில், ரப்பர் செருப்புக்கு அடிப்பாகம் வெட்டும் பட்டறை அது. ஆதிரா எழுதிய புரோகிராம் அங்கிருந்த பிரஸ்ஸை ஓட்டத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. கத்திக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை ஒன்று குறுக்கே ஓடும். கை அதை மறித்தால் பிராசசருக்கு இன்டரப்ட் என்ற குறுக்கீட்டுச் சைகை போகும். எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு அது பிரஸ்ஸை நிறுத்த வேண்டும்.

லிங்கராஜ் சும்மா கையை நீட்டினான். பிரஸ் நின்றது. மறுபடி ஓடவிட்டான். மேலே பலகையில் வெட்டுகளை எண்ணிக் காட்டும் சிவப்பு எண் மாறிய கணத்தில் கையை உள்ளே விட்டு, சிக்கியிருந்த ரப்பர் துண்டைத் தட்டிவிட்டு, வெளியே எடுத்தான். பிரஸ் நிற்கவில்லை.

"நம்பர் மாறும்போ இது கண்ணை மூடும், கேட்டோ. அந்த கேப்பில நான் போயிட்டு வந்திருவேன்."

எண்ணைப் பலகையில் எழுதும்போது நடுவில் இன்டரப்ட் வந்தால் எண் குழம்புகிறது என்று, அந்தச் சிறு நேரத்துக்கு எல்லா இன்டரப்ட்டையும் மூடிவைத்தது ஆதிராதான். அப்போது வந்து போகும் கையை இயந்திரம் அறியாது. கை உள்ளேயே தங்கினால் அறியும். அதற்குள் கத்தி இறங்கியிருக்கும்.

முதலாளி தளவாய் ஆரியசாலைக் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"இதை நிப்பாட்டணும் அண்ணாச்சி. இப்பமே."

"ஓணச் சரக்கு போகாண்டாமா? ஓணம் கழிஞ்சு பாக்கலாம், மக்களே."

"கை போயிரும்."

"இதுவரை போகல்லியே."

அவர் போன் பேசப் போனதும் அவள் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து, புரோகிராம் இருந்த சிப்பைக் கழற்றி டிபன் டப்பாவுக்குள் வைத்தாள். அது இல்லாமல் பிரஸ் ஓடாது.

"அப்ப எங்களுக்கு லீவா மேடம்? ஓணம் முந்தியே வந்தாச்சே!" லிங்கராஜ் சிரித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்து, புரோகிராம் வருமுன் பிரஸ்ஸை மிதித்து ஓட்டிய, இப்போது மேசைக்கடியில் கிடந்த பழைய பெடல்மேல் காலை நீட்டிக்கொண்டான்.

கழக்கூட்டத்தில் இருந்த தன் அலுவலகத்தில் அவள் புரோகிராமின் அந்த இடத்தை மாற்றி எழுதினாள். எண் எப்படிப் போனாலும் போகட்டும், ஒளியின் இன்டரப்ட் இனி ஒரு கணமும் மூடாது. பிறகு சிப்பை அழிப்பதற்காகப் புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்தாள். அவசரப்படுத்த முடியாத வேலை. மூடியின் ஓரத்தில் ஊதா வெளிச்சம் கசிந்தது. தான் எழுதியதைச் சிப்பின் நடுவிலிருந்த அந்தச் சிறு கண்ணாடி மறந்துகொண்டிருப்பதாக அவள் நினைத்தாள். இந்த நிமிஷத்தில் யாருடைய கையும் அந்தக் கத்திக்கடியில் இல்லை. வெளியே மழை பிடித்தது. அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தாள்.

அழிந்த சிப்பில் மாற்றியதை எழுதி எடுத்துக்கொண்டு அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பட்டறையில் சத்தமில்லை. நல்லது என்று எண்ணினாள்.

உள்ளே தரையில் மரத்தூள் கொட்டியிருந்தது. தூள் நனைந்து கறுத்திருந்தது. பழைய பெடலிலிருந்து புது வயர் ஒன்று பிரஸ்ஸுக்குப் போனது.

"நீ சிப்பைக் கொண்டுபோனா நாங்க கைகட்டிட்டு இருக்கவா?" என்றார் தளவாய். அவர் சட்டைக் கையிலும் ரத்தம் இருந்தது. "பெடலைக் கனெக்ட் பண்ணினோம்."

"லிங்கராஜ் எங்க?"

"ஆஸ்பத்திரியில. வலது கை." அவர் குரல் தணிந்தது. "பெடல்ல அவன் வருஷக்கணக்கா வெட்டினவன். அப்பல்லாம் நின்ன பிறகுதான் கையை விடுவான். ஓடும்போ உள்ள விடுறது இந்த ஒரு மாசப் பழக்கம்."

ஆதிரா பெடலின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். சிப்பைப் பொருத்தி, பிரஸ்ஸை ஓடவிட்டாள். எண் மாறிய கணத்தில் ஒளிக்குக் குறுக்கே ஒரு ரப்பர் துண்டை நீட்டினாள். நின்றது. மறுபடி நீட்டினாள். நின்றது. நிறுத்தாமல் நீட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் நின்றது. எண் மட்டும் சிதைந்து, பாதி எட்டும் பாதி மூன்றுமாக எரிந்தது.

தளவாய் பின்னால் வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனி ஓட்டலாம் அல்லே?" என்றார். பிறகு மேலே நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த நம்பரை மட்டும் கொஞ்சம் சரியாக்கித் தா, மக்களே."