மைக் முன்னால் குப்பம்மா

அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம், போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றின் மாடியில் டேவிட்டின் ஸ்டுடியோ இருந்தது. கீழே பிரஸ் மெஷின் ஓடினால் மேலே மேஜையில் வைத்த டீ கிளாஸ் தானாக நகரும். அதனால் அங்கே குரல் பதிவு எல்லாம் கீழே சாப்பாட்டுக்கு மணி அடித்த பிறகும், சாயங்காலம் ஷிஃப்ட் மாறும் இடைவெளியிலும்தான் நடக்கும்.

அந்த மாடியிலிருந்துதான் ‘மொட்டைமாடி குடும்பம்’ என்ற கார்ட்டூன் தொடர் வெள்ளிக்கிழமைதோறும் யூடியூபில் வெளிவந்தது. அதைப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் அம்சா அத்தைக்காகப் பார்த்தார்கள். அரக்குப் புடவை, இடுப்பில் ஒரு கை, யாரையும் விடாத வாய். தம்பி வீட்டுக்கு வந்தால் தம்பி பெண்டாட்டியை ஒரு வாரு வாரிவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவாள். எழுதியதும் வரைந்ததும் கவிப்பிரியா. அத்தையின் பேச்சை அவள் தேடி எங்கும் போகவில்லை. அப்பாவின் அக்கா குப்பம்மா மாதம் இருமுறை கோவில்பதாகையிலிருந்து வந்து வீட்டில் பேசுவதையே எழுதினாள். குப்பம்மாவுக்கு இது தெரியாது. கவியின் அம்மா விஜிக்கும் தெரியாது.

கார்ட்டூனில் குரல் முதலில், படம் பிறகு. எந்த எழுத்துக்கு வாய் எவ்வளவு திறக்கிறது என்று கேட்டுத்தான் வரைய முடியும். பெரிய குரல் கலைஞர்கள் தாமதமாகத்தான் தேதி தருவார்கள் என்பதால், அதுவரை ஆபீஸில் யாராவது ஒருவர் ஒப்புக்குப் பேசி வைப்பார்கள். கலைஞர் வந்து பேசியதும் ஒப்புக் குரலை எடுத்துவிட்டு அவருடையதை வைக்க வேண்டும். ஆடி மாத எபிசோடுக்கு ஒப்புக் குரல் கொடுக்க அன்று ஆள் இல்லை. கவியின் போனில் வேறொன்று இருந்தது. வீட்டில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை, அத்தை பேசியதை அவள் சத்தமில்லாமல் பதிந்து வைத்திருந்தாள். அதையே வைத்து வரைந்தாள். கடைசியில் எல்லா இடத்திலும் குரலை மாற்றினாள், ஓர் இடத்தைத் தவிர.

“கூழா இது? சொம்பு அடியில எம் மூஞ்சி தெரியுது. ஊத்தாத, செவுத்துல மாட்டு, தல வாரிக்கலாம்.”

வெள்ளிக்கிழமை இரவுக்குள் அந்தத் துண்டு மட்டும் தனியாகச் சுற்ற ஆரம்பித்தது. ‘இது எங்க பெரியத்தை, இவங்க போன் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘இந்த ஒரு வரி பேசுனவங்களே முழுசா பேசட்டும்’ என்று நூறு பேர். வழக்கமாகப் பேசும் கலைஞரும் இதைப் படித்தார். சீரியல்களில் பெயர் வாங்கியவர். “அவங்களையே கூப்ட்டுக்கோங்க சார்,” என்று டேவிட்டிடம் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

டேவிட் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் கவிக்குப் பயம்.

“அடுத்த எபிசோட் முழுக்க அத்தைதான் கவி. குரல் இல்லாம வெள்ளிக்கிழமை எதைப் போடறது? நீ பண்ணதை நீயே சரி பண்ணு. இல்லன்னா தொடரை நிறுத்திட்டு வேற வேலையப் பாக்கலாம். நானும்தான், நீயும்தான்.”

மறுநாள் காலை கவி கோவில்பதாகையில் இறங்கினாள். குப்பம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் ஆயிரம் பேருக்குச் சமைத்து ஓய்வு பெற்றவள். இப்போதும் எதையும் கால் கிலோ கணக்கில் வாங்க அவளுக்கு வராது.

“இன்னா கண்ணு, வழி தெரிஞ்சி வந்தியா, இல்ல பஸ்ல தூங்கிகினு வந்து எறங்கிட்டியா?”

கவி போனை நீட்டினாள். குப்பம்மா கையைப் புடவையில் துடைக்காமலே குனிந்து பார்த்தாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள்.

“எங்கொரலு கீது. எம் பொடவ கீது. மூக்கு மட்டும் யாருதுடி? உங்கொப்பனுதா?”

“கோவமா அத்த?”

“கோவப்பட்டா மூக்க மாத்துவியா?”

கவி நடந்ததைச் சொன்னாள். வந்து பேசித் தர வேண்டும், பேச வேண்டியதை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன் என்றாள்.

“நான் பேசறத நீ எழுதிக் குடுப்பே. நல்லா கீது. அப்டியே நாளைக்கு எனக்குப் பசிச்சா நீயே சாப்ட்ருவியா?” குப்பம்மா மீனை அலசப் போனாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “எத்தினி மணிக்கு வரணும்?”

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டாள். மகன் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவை. தலையில் பூ. கையில் ஒரு தூக்கு நிறைய முறுக்கு. மாடிப்படி ஏறியதும் டேவிட்டைக் கும்பிட்டாள். சவுண்ட் பார்க்கும் பரத்தையும் கும்பிட்டாள். தண்ணீர் கேன் போட வந்தவருக்கும் ஒரு கும்பிடு விழுந்தது.

பதிவு அறை என்பது நான்கு சுவரிலும் ஸ்பாஞ்ச் ஒட்டிய ஒரு சின்ன அறை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பரத். குப்பம்மாவின் கொண்டையில் ஹெட்ஃபோன் சரியாக உட்காரவில்லை. கீழே பிரஸ் நின்றது. பரத் கையைக் காட்டினான்.

குப்பம்மா தாளைப் பார்த்துப் படித்தாள். “தம்பி ஊட்ல ஃபேன் சுத்துது. காத்துதான் வரல. கரண்டு பில்லு கட்னது ஃபேனுக்கா சத்தத்துக்கா.”

ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டது என்று அறிவிப்பது போல இருந்தது.

“நல்லாருக்கும்மா,” என்றான் பரத். “கொஞ்சம் நக்கலா சொல்லுங்க.”

“சரிங்க சார்.”

இரண்டாவது முறை கோயில் மைக்கில் நன்கொடை அறிவிப்பு. மூன்றாவது முறை அதுவும் இல்லை. டேவிட் உள்ளே போனார்.

“அம்மா, எதிர்ல ஆள் இருக்கற மாதிரி நெனச்சுக்கோங்க. பரத்தையே திட்டுங்க, பரவால்ல.”

“ஐயோ, யாரு பெத்த புள்ளயோ. காலைலருந்து ஒரே எடத்துல உக்காந்துகினு வேல பாக்கறாரு. அவர நான் இன்னான்னு சார் பேசறது?” கண்ணாடி வழியாகப் பரத்தைப் பார்த்தாள். “சாப்ட்டீங்களா சார்? முறுக்கு கீது, எடுத்துக்கோங்க.”

“சரி, என்னைத் திட்டுங்க.”

“உங்களயா? எங்க ஊட்டுப் பொண்ணுக்கு வேல குடுத்துகீறீங்க.”

கவி கண்ணாடியைத் தட்டினாள். “அத்த, என்னப் பேசு.”

“கொழந்தயப் போயி,” என்றாள் குப்பம்மா.

கீழே பிரஸ் மறுபடி ஓட ஆரம்பித்தது. டேபிள் நடுங்கியது. டேவிட் தன் நாற்காலிக்குப் போனார். குப்பம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஹெட்ஃபோனால் கலைந்த பூவைச் சரிசெய்தாள்.

“வாயே வரல கவி. வயசாயிட்ச்சி போலக் கீது.” அவள் குரலில் கேலி இல்லை. கவி அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை.

எதிரில் சொந்தக்காரர் ஒருவர் வேண்டும் என்பது கவிக்குப் புரிந்தது. அப்பா கன்னியப்பன் ஷிஃப்டில் இருந்தார், உள்ளே போன் விடமாட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஆள், நடந்து வரும் தூரத்தில், வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டு.

விஜி படியேறி வந்தாள், தோளில் இஞ்ச் டேப் தொங்கியபடி. கவி படியிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். அம்சா அத்தை யார், கூழ் யாருடையது, குரல் எப்படி வந்தது, மத்தியானம் அத்தை ஏன் யாரையும் திட்டவில்லை.

“எங்கூழ ஊரே பாத்துச்சா?”

“ஆமாம்மா.”

“எத்தினி பேரு?”

கவி சொன்னாள். விஜி ஒரு படி கீழே இறங்கினாள். திரும்பிப் போய்விடுவாள் என்று கவி நினைத்தாள்.

“நான் போலன்னா உன் வேல போய்டுமா?”

“தெரியலம்மா. போலாம்.”

“நவுரு,” என்று சொல்லிவிட்டு விஜி மேலே போனாள்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பிரஸ் நின்றது. பதிவு அறைக்குள் குப்பம்மாவுக்கு எதிரே ஒரு ஸ்டூல் போட்டு விஜியை உட்கார வைத்தார்கள். பரத் ஒன்றே ஒன்று சொன்னான். “ஆன்ட்டி, நீங்க மட்டும் பேசிடாதீங்க. மைக் எல்லாத்தையும் இழுத்துக்கும்.” விஜி தலையாட்டினாள். பேசாமல் உட்கார்வது அவளுக்குப் புதிதில்லை.

குப்பம்மா அவளை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள்.

“வந்துட்டாங்கய்யா மகாராணி. இன்னா விஜி, கழுத்துல இன்ச்சு டேப்போட வந்துகீறே? என் வாய அளந்து தைக்கப் போறியா?”

பரத் யாரும் சொல்லாமலே ரெக்கார்ட் பட்டனை அழுத்தினான்.

பிறகு நிற்கவே இல்லை. கவி கண்ணாடிக்கு வெளியே தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். குப்பம்மா தாளைப் பார்ப்பாள், விஜியைப் பார்ப்பாள், எழுதியதை விட்டுவிட்டு எழுத வேண்டியிருந்ததைச் சொல்வாள். “உங்க ஊட்டு ஃபேனு சுத்துதா, இல்ல உன் பேச்சக் கேட்டு தல ஆட்டுதா?” தம்பியின் சொட்டை, கதவு மூடாத பீரோ, வாங்கி மூன்று வருஷமாகப் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா, எதுவும் தப்பவில்லை. டேவிட் தன் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

கடைசித் தாளும் முடியப் போகிறபோது விஜி வாயைத் திறந்தாள்.

“அண்ணி, ஒண்ணு கேக்கறேன். மத்தியானம் இந்த சாருங்கள எல்லாம் ஒரு வார்த்த பேச மாட்டேன்னுட்டீங்களாமே.”

பரத் கையை ஆட்டி வேண்டாம் என்றான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“வெளியாளுங்கள நான் எதுக்குடி பேசணும்?” என்றாள் குப்பம்மா. “அவங்க எனக்கு யாரு?”

“அப்ப நான் யாரு?”

“நீ நம்ம ஊட்டு ஆளு.”

“கல்யாணம் ஆன அன்னிலருந்து நம்ம ஊட்டு ஆளாவே கீறேனே அண்ணி. மாசத்துல ஒரு நாளு என்ன வெளியாளா வச்சிக்கினு, காபி நல்லா கீது விஜின்னு சொல்லக் கூடாதா?”

கவி கையில் பிடித்திருந்த தாளைக் கீழே இறக்கினாள்.

“நல்லா இருந்தா சொல்ல மாட்டனா?” என்றாள் குப்பம்மா. ஆனால் வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது.

“கோவில்பதாகைலருந்து ரெண்டு பஸ் மாறி வந்து, எறங்குனதும் ரெண்டு கிளாஸு குடிக்கறீங்களே. அது எதுக்கு? மருந்துக்கா?”

முதலில் சிரித்தது பரத். அடக்கப் பார்த்து முடியாமல் மேஜை மேல் கவிழ்ந்தான். குப்பம்மா விஜியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

“கேட்டீங்களா சார்? இத்தினி வருசமா இது வாயில்லாப் பூச்சின்னு நெனச்சிகினு கீறேன். எங்க ஊட்ல கீறவ சார், எங்க ஊட்ல!”

தன் பிள்ளை பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதைச் சொல்வது போல அவள் அதைச் சொன்னாள். விஜிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இஞ்ச் டேப்பால் வாயை மூடிக்கொண்டாள். கீழே பிரஸ் ஓட ஆரம்பித்ததும்தான் எல்லோரும் வெளியே வந்தார்கள்.

பரத் கேட்டான். “ஆன்ட்டி பேசினத வெட்டிடவா?”

டேவிட் கவியைப் பார்த்தார். கவிக்குச் சிக்கல் எங்கே என்று உடனே தெரிந்தது. தொடரில் அம்சா அத்தையின் தம்பி பெண்டாட்டி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால் அவளுக்கு வாயசைவே வரையவில்லை. மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வாயாக, எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய வேண்டும். தன் வீட்டில் இத்தனை நாள் எதைக் கேட்டாளோ அதைத்தான் அவள் வரைந்திருந்தாள்.

“வெட்ட வேணாம்,” என்றாள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள வாய் ரெடியாகுமா?” என்றார் டேவிட்.

“ஆகும் சார்.”

“அப்ப தொடரும் ஓடும். போ, உக்காரு.”

கவி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கிளம்புவார்கள் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் முறுக்குத் தூக்கு.

விஜி திரையைப் பார்த்தாள். “இதான் நானா?”

“ஆமாம்மா.”

“கொஞ்சம் ஒல்லியா போட்டுகீற. இருக்கட்டும்.”

“அவளுக்கு ஒல்லி, எனக்கு மட்டும் மூக்கு,” என்றாள் குப்பம்மா.

கவி அந்தச் சின்னக் கோட்டை அழித்துவிட்டு ‘அண்ணி’யின் ‘அ’வுக்கு ஒரு வாய் வரைந்தாள். உதடு இலேசாகப் பிரிந்தது.

விஜி ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“இன்னும் நல்லா தொறடி,” என்றாள். “இவ்ளோண்டு வாய வச்சிகினு உங்கத்தைக்கு எப்டி பதில் சொல்றது?”